மடி எப்போது பாலை விடுகிறது? பசு, எருமை, ஆடு வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளிப் பக்கத்துப் பட்டிகளிலும் வீட்டுக் கொட்டில்களிலும் பால் குறைந்தால் முதலில் தீனியின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. தீனி குறைந்தால் பால் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஊறிய பால் மடியிலேயே நின்றுவிடுவது வேறு சிக்கல். அதைப் புண்ணாக்கு தீர்க்காது. காம்பிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறதா, மூளையிலிருந்து மடிக்குப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வழி எப்படி வேலை செய்கிறது, எங்கே தடைப்படுகிறது, தடைப்பட்டால் என்ன செய்யலாம் என்பதே இந்தப் பக்கம்.

மடியில் பால் இருக்கிறது. காம்பைப் பிழிந்தால் வரத்தானே வேண்டும்?

மடிக்குள் பால் இரண்டு இடத்தில் இருக்கிறது. காம்புக்கு மேலுள்ள மடித்தொட்டியிலும் பெரிய குழாய்களிலும் ஒரு பகுதி. பால் ஊறும் சிற்றறைகளிலும் அவற்றிலிருந்து புறப்படும் மயிரளவு குழாய்களிலும் மறு பகுதி. பசுவில் இரவு முழுக்க ஊறிய பாலில் தொட்டியில் நிற்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் திராட்சைக் குலைபோலக் கூடியிருக்கும் சிற்றறைகளுக்குள். கையால் எவ்வளவு பிழிந்தாலும், இயந்திரம் எவ்வளவு உறிஞ்சினாலும் அந்தப் பால் இறங்காது. ஒவ்வொரு சிற்றறையையும் வெளியே சுற்றிப் பின்னியிருக்கும் கூடைத்தசைக் கலங்கள் சுருங்கி உள்ளிருப்பதைப் பிதுக்கித் தள்ளினால்தான் அது தொட்டிக்கு வரும். சுருங்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வர வேண்டும்.

கை வைத்ததும் கொஞ்சம் பால் வந்து நின்றுபோய், ஒரு நிமிடம் கழித்து மறுபடி பெருகுவதைக் கறவைக்காரர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முதலில் வந்தது தொட்டிப் பால், பிறகு பெருகியது சிற்றறைப் பால். நடுவில் காம்பு வெறுமையாகத் தொங்கும் அந்தச் சிறு இடைவெளியில் பொறுமை இழந்து இழுப்பதுதான் காம்புக்குச் செய்யும் முதல் கேடு.

காம்பைத் தொட்டது மூளைக்கு எந்த வழியாகப் போகிறது?

தொடுகையை உணரும் நரம்பு முனைகள் காம்புத் தோலில்தான் நெருக்கமாக இருக்கின்றன. மடியின் மற்ற இடங்களில் குறைவு. கன்று காம்பை வாயில் அழுத்துவதையும், கை அதைத் தடவிப் பிசைவதையும் இந்த முனைகள் பிடித்துக்கொள்கின்றன.

அங்கிருந்து மூன்று பாதைகள் உண்டு. முன்மடித் தோலுக்கு 1ஆம், 2ஆம் நாரி நரம்புகளின் கிளைகள் வருகின்றன. காம்புகளுக்கும் மடியின் பெரும்பகுதிக்கும் உரிய முக்கிய நரம்பு, நாரிப் பகுதியில் 2 முதல் 4 வரையான நரம்புகளிலிருந்து உருவாகித் தொடையிடுக்குத் துளை வழியாக மடிக்குள் இறங்குகிறது. பின்மடியின் பின்புறத் தோலுக்கு, வாலடி எலும்புக்கு முன்னுள்ள திருவென்புப் பகுதியில் தொடங்கும் நரம்பொன்று பெண்குறிக்குக் கீழாக இறங்கி வருகிறது. மூன்றிலும் வரும் செய்தி முதுகுப்புற வேர்கள் வழியாக முண்ணாணுக்குள் நுழைந்து, மூளைத்தண்டைக் கடந்து, ஹைப்போதலமஸ் எனப்படும் பரிவகக்கீழை அடைகிறது. அங்கே இரண்டு நரம்புக்கலக் கூட்டங்கள் ஒட்சிரோசின் என்ற ஓமோனை உருவாக்குகின்றன. அந்தக் கலங்களின் நீண்ட இழைகள் கீழே இறங்கி, மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியின் பின்மடலில் முடிகின்றன. ஓமோன் அந்த நுனிகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. காம்பிலிருந்து செய்தி வந்ததும் அது அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது.

அப்படியானால் மூளையிலிருந்து மடிக்குத் திரும்பி வருவதும் நரம்பு வழியா?

இல்லை. நடைமுறையில் மிகவும் பயன்படும் உண்மை இதுதான். போவது நரம்பு வழி, திரும்புவது இரத்த வழி. பால் விடச் சொல்லும் நரம்பு எதுவும் மடியில் கிடையாது.

1910இல் ஓட், ஸ்கொட் என்ற இருவர் கபச்சுரப்பிப் பின்மடலின் சாற்றை ஆட்டுக்கு ஏற்றியபோது பால் பெருகியதைக் கண்டார்கள். 1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, மறு பாதியின் காம்புகளைத் தூண்டினார்கள். நரம்பு வெட்டப்பட்ட பாதியிலும் பால் இறங்கியது. 1953இல் வின்சன்ட் டு விக்னோ ஒட்சிரோசினின் அமைப்பை, அதாவது 9 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியை, கண்டறிந்து அதைச் செயற்கையாகவும் உருவாக்கினார். 1955ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மடிக்கு மூளையிலிருந்து வரும் இயக்க நரம்பு ஒரே வகைதான்: பயத்திலும் நோவிலும் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்பு. அது இரத்தக் குழாய்களையும், காம்பின் மழமழப்பான தசையையும், காம்பு நுனியை மூடிவைக்கும் வளையத்தையும் இறுக்கும். பாலைத் தடுக்கத்தான் நரம்பு உண்டு, விட நரம்பு இல்லை என்று நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும்.

தொட்டதிலிருந்து பால் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

மடி நிரம்பிய பசுவில் ஏறக்குறைய 40 வினாடி. மடி அரைகுறையாக இருக்கும் மாலைக் கறவையிலோ, கறவைக் காலத்தின் கடைசி மாதங்களிலோ 2 நிமிடமும் அதற்கு மேலும் போகலாம். ஓமோன் முன்பின்னாகச் சுரப்பதால் வரும் வித்தியாசமல்ல இது. தளர்ந்த சிற்றறையைச் சுருக்கிப் பாலைத் தள்ளக் கலங்களுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. ஆகவே பால் வற்றும் நிலையிலுள்ள மாட்டுக்குத்தான் அதிக நேரம் தடவ வேண்டும். நம் பழக்கமோ நேர்மாறு: குறைவாகக் கறக்கும் மாட்டை அவசரமாக முடித்துவிடுகிறோம்.

இரத்தத்தில் ஒட்சிரோசின் நிலைக்கும் நேரம் சில நிமிடங்களே. தடவிவிட்டு வாளி தேடப் போனாலும், பக்கத்து மாட்டை அவிழ்க்கப் போனாலும் அந்த வேகம் வீணாகிறது. கறவை முடியும்வரை ஓமோன் தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கவும் வேண்டும். கை காம்பில் வேலை செய்யும்வரைதான் அது தொடரும். நடுவில் எழுந்து போய் வந்தால் மீதிப் பால் உள்ளேயே தங்கும்.

கறவைக்கு முன்னும் கறக்கும்போதும் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்ல முடியுமா?

வாளி, துணி, அணைகயிறு, தீனி எல்லாவற்றையும் மாட்டைத் தொடுமுன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். மாட்டைக் கட்டியதும் தீனியைப் போடுங்கள். தின்பதே ஒட்சிரோசினைக் கூட்டும். தவிடோ கலப்புத் தீனியோ முக்கால் கிலோ இருந்தாலும் போதும், கறவை நேரத்தில்தான் அது கிடைக்கும் என்று மாடு அறிந்திருக்க வேண்டும்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒவ்வொரு காம்பிலும் 2 அல்லது 3 பீச்சு கறுப்புத் துணியிலோ கறுப்புக் கிண்ணத்திலோ பிடித்துத் திரி, தண்ணீர்த்தன்மை, இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பீச்சே முதல் தூண்டலும் ஆகும். பிறகு காம்புகளை மட்டும் கொஞ்சத் தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றையும் துணியால் அழுத்தித் துடையுங்கள். மடி முழுவதையும் நனைத்தால் அழுக்குத் தண்ணீர் வடிந்து காம்பு நுனிக்கும் வாளிக்கும்தான் வரும். வெந்நீர் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியது சூடல்ல, தொடுகை. பசுவுக்கு எல்லாமாக 15 முதல் 20 வினாடி காம்பில் கை பட்டால் போதும்.

முதல் தொடுகையிலிருந்து 60 முதல் 90 வினாடிக்குள் கறவை தொடங்க வேண்டும். காம்பை முழுக்கையால் பிடியுங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே இறுக்கிப் பால் திரும்பி ஏறாமல் தடுக்க, மற்ற விரல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மூடட்டும். பெருவிரலை மடித்து அதன் முட்டியால் நெரிக்கும் பழக்கம் காம்புக்குள் கட்டியும் அடைப்பும் உண்டாக்கும், நோவும் தரும். நொந்த காம்பு மூளைக்கு அனுப்புவது வேறு செய்தி. 5 முதல் 7 நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. முடிந்ததும் காம்புகளை அரை வீத அயடீன் கரைசலில் தோய்த்துவிட்டு, மாடு படுக்காமல் அரை மணி நேரமாவது நிற்கும்படி புல்லைப் போடுங்கள். காம்பு வளையம் மூட அந்த நேரம் வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் நிற்கும் பட்டிகளில் மடியழற்சி இந்த இடைவெளியில்தான் புகுகிறது.

எருமை மட்டும் ஏன் இவ்வளவு பிந்துகிறது?

எருமையின் மடித்தொட்டியில் பால் கிட்டத்தட்ட இல்லை, மொத்தப் பாலில் 5 வீதமளவுதான். மற்றதெல்லாம் சிற்றறைகளுக்குள். கறவைக்கு முன் எருமையின் காம்பு தொய்ந்து வெறுமையாக இருப்பது அதனால்தான். முதலில் பிழிய ஒன்றுமில்லை. பால் இறங்க 2 நிமிடம் ஆவது வழமை, சில எருமைகளுக்கு 5 நிமிடத்துக்கு மேலும் போகும். காம்பு வளையமும் பசுவினதைவிட இறுக்கம்.

வெறுங்காம்பை இழுத்து எருமையை அவசரப்படுத்துவது இரட்டை நட்டம். காம்பின் உட்தோல் அடிபடுகிறது. அந்த நோவு அடுத்த கறவையை இன்னும் பிந்தவைக்கிறது. எருமைக்குத் தடவலை ஒரு நிமிடத்துக்கும் மேலாக நீட்டுங்கள். தீனியைத் தடவத் தொடங்கும்போதே போடுங்கள். காம்பு தடித்து விறைத்து நிரம்பினால் பால் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது தொடங்குங்கள். கறப்பவர், இடம், நேரம் ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் எருமை பசுவைவிடக் கூடுதலாகத் தடுமாறும்.

சட்டித் தயிர் போடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். முதல் பீச்சுகளில் 1 முதல் 2 வீதம் கொழுப்பிருக்கும் பசுவின் பால், கடைசிப் பாலில் 8 முதல் 10 வீதத்துக்கு ஏறும். எருமையிலும் ஏற்றம் அதே திசைதான். பாதியில் பால் நின்ற எருமையின் தயிர் இறுகாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்து விலை போடும்போதும் இதே நட்டம்தான்.

ஆட்டுக்கும் இதே கதைதானா?

வழி ஒன்று, விளைவு வேறு. பாலுக்காக வளர்க்கும் ஆடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட பால் தொட்டியிலேயே நிற்கும். ஆகவே பயந்த ஆட்டிலும் பெரும்பகுதிப் பாலைக் கறந்துவிடலாம். தடவாமல் கறந்தால் உள்ளே தங்குவது கொழுப்பு மிகுந்த கடைசிப் பால் மட்டுமே.

கன்று ஊட்டாமல் எங்கள் நாட்டு மாடு சுரப்பு விடுவதில்லை, அதாவது பாலை இறக்குவதில்லை. பழக்கமா, பிறவிக் குணமா?

இரண்டும். திமில் உள்ள இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும் கன்றின் வாய், மணம், பார்வை மூன்றும் சேர்ந்தால்தான் ஓமோன் முழு அளவில் சுரக்கும். கையின் தடவல் மட்டும் போதாது. ஜேர்சி, பிரீசியன் போன்ற இனங்கள் பல தலைமுறையாகக் கன்றில்லாமல் கறக்கத் தெரிந்தெடுக்கப்பட்டவை.

இரவில் கன்றைப் பிரித்துக் கட்டி, காலையில் ஊட்டவிட்டுக் கறக்கும் நம் பட்டி முறையில் தவறில்லை. அதைச் சரியாகச் செய்தால் போதும். கன்றை ஒரு நிமிடம், நான்கு காம்பிலும் வாய் வைத்து ஊட்டவிடுங்கள். பிறகு தாயின் முகத்துக்கு நேரே, அது நக்கக்கூடிய தூரத்தில் கட்டுங்கள். பின்காலருகில் கட்டினால் தாய் திரும்பித் திரும்பிப் பார்த்து நிலைகொள்ளாது. கன்றின் எச்சிலைக் கழுவித் துடைத்துவிட்டுக் கறக்க வேண்டும். கறந்து முடித்ததும் மறுபடி ஊட்டவிடுங்கள். எவ்வளவு நன்றாகக் கறந்தாலும் 10 முதல் 20 வீதப் பால் மடியில் எஞ்சும். நாட்டு மாட்டில் அதைவிடக் கூட இருக்கும். கன்றுக்கு அந்தக் கொழுத்த பால் கிடைக்கும், மடியும் வெறுமையாகும். வெறுமையாகாத மடியில் பால் ஊறுவதே குறைந்துபோகும், ஏனெனில் தங்கிய பாலிலுள்ள பொருள்களும் அதன் அழுத்தமும் சுரக்கும் கலங்களை அடக்குகின்றன. கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறப்பவர் கன்றை இழப்பதோடு அடுத்த மாதப் பாலையும் இழக்கிறார்.

கன்று செத்துவிட்டது. இனி என்ன வழி?

முதல் மூன்று நாள் முக்கியம். செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்த தோற்கன்றைக் காட்டிக் கறக்கும் பழைய முறை சில மாடுகளில் பலன் தரும், ஏனெனில் தாய் கன்றை அறிவது மணத்தால். தோல் பழுதாகி மணம் மாறினால் அதுவும் நின்றுவிடும், ஈயும் நோயும் கூடும். கன்றின் மேல் தேய்த்த சாக்குத் துண்டு இருந்தால் அதைத் தீனிப் பெட்டிக்கு அருகில் வைக்கலாம்.

நிலையான வழி, மாட்டின் மனத்தில் புதிய இணைப்பொன்றை உண்டாக்குவது. ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வாளிச் சத்தம், கறவையின்போது மட்டும் கிடைக்கும் ருசியான தீனி. இரண்டு மூன்று நிமிடம் பொறுமையாகக் காம்பைத் தடவுங்கள். வாளிச் சத்தம் கேட்டதுமே சொட்டத் தொடங்கும் மாடுகளை எல்லாரும் அறிவோம். அங்கே காம்பின் நரம்பு தேவைப்படவில்லை, காதின் வழியே செய்தி பரிவகக்கீழுக்குப் போய்விட்டது. ஒரு கிழமை வரை பால் குறைவாகத்தான் வரும், அதற்காக அடிக்கவோ திட்டவோ வேண்டாம். மடி இறுகி வலிக்குமளவு தேங்கினால் கால்நடை வைத்தியரிடம் கேட்டுச் சில நாள்களுக்கு மட்டும், அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தும் விதமாக ஒட்சிரோசின் கொடுக்கலாம்.

நேற்றுவரை நன்றாகக் கறந்த மாடு இன்று பாலை ஒளிக்கிறது. ஏன்?

தடை இரண்டு இடத்தில் விழலாம்.

ஒன்று மூளையில். காம்பின் செய்தி போய்ச் சேர்ந்தும் ஓமோன் வெளிவராமல் நிற்கும். புதிய கொட்டில், புதிய ஆள், கன்றைத் திடீரெனப் பிரித்தல், காளைக்கு அலையும் வேட்கை நாள், முதல் ஈற்றின் முதல் நாள்கள் ஆகியவற்றில் நடப்பது இது. பெரும்போக விதைப்புக்கு வயல்வெளி அடைபட்டுப் பட்டியைக் காட்டோரத்துக்கு மாற்றும் நாள்களில் பால் விழுவதை மேய்ச்சல் குறைவென்று மட்டும் எண்ணுகிறார்கள். இடம் மாறிய தடுமாற்றத்துக்கும் அதில் பங்குண்டு. பழைய கட்டைகளையும் பழைய கட்டும் ஒழுங்கையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோனால் சில நாளில் சரியாகும்.

மற்றது மடியில். பயமும் நோவும் அதிரனலின் என்ற ஓமோனைச் சுரக்கவைக்கும், பரிவு நரம்பையும் தூண்டும். குழாய்களும் காம்பும் இறுகும், மடிக்கு வரும் இரத்தமும் குறையும். ஒட்சிரோசின் சுரந்திருந்தாலும் அது கூடைத்தசைக் கலங்களுக்குப் போதுமான அளவில் போய்ச் சேராது. சேர்ந்தாலும் இறுகிய குழாயில் பால் இறங்காது. முன்பு சொன்ன ஈலியும் பீட்டர்சனும் பசுவின் முதுகில் பூனையை விட்டும், காகிதப் பைகளை ஊதி வெடித்தும் இதைக் காட்டினார்கள். இங்கே காகிதப் பை தேவையில்லை. விடியற்காலையில் பக்கத்துக் காணியில் யானையை விரட்டப் போடும் வெடி போதும். வெடிச்சத்தத்துக்கும் நாய் துரத்தலுக்கும் பிறகு உடனே கறக்க உட்காராதீர்கள். 20 முதல் 30 நிமிடம் மாட்டைத் தின்னவிட்டு, அமைதியானதும் தடவலை முதலிலிருந்து தொடங்குங்கள். கறவையிடத்தில் மாட்டை அடிக்கவே கூடாது. அடித்த கையைக் கண்டாலே அடுத்த நாளும் அதிரனலின் சுரக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் காம்பைக் கூர்ந்து பாருங்கள். வெடிப்பு, உண்ணி கடித்த புண், காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோயின் கொப்புளம், நீண்ட நகத்தின் கீறல். நம் நகத்தை வெட்டினாலே சரியாகிவிடும் மாடுகளும் உண்டு.

முதலீற்று நாகு தொடவே விடுவதில்லை. அணைகயிறு போட்டுக் கறக்கலாமா?

கயிறு காலை நிறுத்தும், ஓமோனை வரவைக்காது. கன்று ஈனுவதற்கு 3 அல்லது 4 கிழமைக்கு முன்பே நாளும் கறவையிடத்துக்குக் கொண்டுவந்து தீனி கொடுங்கள். உடம்பையும் மடியையும் தடவிப் பழக்குங்கள், பீச்ச வேண்டாம். ஈன்றதும் மடி நீர் கோத்து வீங்கியிருந்தால் தொடுவதே நோவு. அந்த நாள்களில் மெதுவாக, ஒரு நாளைக்கு மூன்று தடவை கறப்பது மடியை இலேசாக்கும். உதைக்கும் மாட்டுக்குக் கயிறு தேவையானால் தளர்வாக, பின்காலின் முட்டிக்கு மேலே எட்டு வடிவில் போடுங்கள். இறுக்கிக் கட்டிய கயிற்றின் நோவே பாலை நிறுத்தும்.

ஊசி போட்டால் ஒரு நிமிடத்தில் இறங்குகிறதே, தினமும் போட்டால் என்ன?

ஒட்சிரோசின் நல்ல மருந்து. ஈன்றபின் பால் இறங்காத நாகுவுக்கும், மடியழற்சியில் தேங்கிய பாலை வடிக்கவும் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கேடு தினசரிப் பழக்கத்தில் இருக்கிறது.

பால் இறங்க இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 3 முதல் 5 பிக்கோகிராம் ஒட்சிரோசினே போதும். தசையில் போடும் 10, 20 அலகு ஊசி அதைப் பல மடங்கு தாண்டுகிறது. நாள்தோறும் அவ்வளவு பெற்ற கூடைத்தசைக் கலங்கள் மரத்துப்போகின்றன. மூளை வழமைபோல ஓமோனை வெளிவிட்டாலும் மடி கேட்பதில்லை. பிறகு ஊசி இல்லாமல் கறக்க முடியாது, அளவையும் கூட்ட வேண்டிவரும். மிகையான ஒட்சிரோசின் சுரப்புக் கலங்களுக்கிடையிலான பொருத்துகளைத் தளர்த்துவதால் பாலில் உப்பும் கூடும். வேட்கை முடிந்த முதல் நாள்களில் போட்ட ஊசி கருப்பைச் சுழற்சியைக் குறுக்கி, சினை தங்காமலும் செய்யும். ஒரே ஊசியைப் பல மாட்டுக்குக் குத்துவதால் வரும் கட்டியும் தொற்றும் தனி.

பழகிவிட்ட மாட்டை ஒரே நாளில் நிறுத்தினால் மடி தேங்கி அழற்சி வரும். வைத்தியரின் சொற்படி அளவை இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை பாதியாக்கி, அதேவேளை தடவலையும் தீனியையும் மேலே சொன்னபடி ஒழுங்காக்கினால் பெரும்பாலான மாடுகள் மீளும்.

ஊசி போட்ட மாட்டுப் பாலைக் குடித்தால் பிள்ளைகளுக்குக் கெடுதியா?

ஒட்சிரோசின் ஒரு சிறு புரதச் சங்கிலி. குடலில் மற்றப் புரதம்போலச் செரித்துவிடும். இந்த ஊசியை எதிர்க்கக் காரணம் பிள்ளைகளின் உடம்பல்ல, மாட்டின் உடம்பும் மடியும்தான்.

பின்புறத்தில் ஊதிக் கறக்கும் பழைய முறை வேலை செய்யுமா?

யோனியும் கருப்பைக் கழுத்தும் விரியும்போது ஒட்சிரோசின் சுரக்கும். கன்று ஈனும்போது நடப்பது அதுவே. ஆகவே பால் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஊதுவதும் கையோ குழாயோ விடுவதும் புண்ணையும் கருப்பைத் தொற்றையும் மலட்டுத்தன்மையையும் கொண்டுவரும். மாட்டுக்குச் செய்யும் கொடுமை அது. செய்யாதீர்கள்.

முள்வேலியில் காம்பு கிழிந்து தைத்திருக்கிறார்கள். அந்தக் காம்பை மரக்கவைத்தால் பால் இறங்குமா?

இறங்கும். செய்தி போக ஒரு காம்பு நன்றாக இருந்தால் போதும், பதில் இரத்தத்தில் மடியின் நான்கு பங்குக்கும் வரும். காயப்பட்ட காம்பைத் தொடாமல் மற்ற மூன்றையும் கூடுதல் நேரம் தடவுங்கள். காயப்பட்டதிலிருந்து பாலை எப்படி எடுப்பது என்பதைத் தைத்தவர் சொன்னபடி செய்யுங்கள். காம்புக்குள் ஈர்க்கோ கோழியிறகோ நுழைப்பது அந்தப் பங்கையே இல்லாமலாக்கிவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பால் இறங்காததும் இதனால்தானா?

ஓரளவுக்கு. வெக்கையில் மாடு தின்பது குறைவதால் ஊறுவதே முதலில் குறையும். அதோடு மூச்சிரைத்து நிலைகொள்ளாமல் நிற்கும் மாட்டில் சுரப்பு விடுவதும் பிந்தும். விடியுமுன் கறந்துவிடுங்கள், மாலைக் கறவையை வெயில் தணிந்த பின் வையுங்கள். கறவைக்கு அரை மணிக்கு முன் தண்ணீர் காட்டுங்கள். ஒரு லீற்றர் பாலுக்கு 3 முதல் 5 லீற்றர் தண்ணீர் தேவை, வெக்கையில் அதற்கும் கூட. கிணற்றிலிருந்து இறைத்த உடன்தண்ணீரை மாடு விரும்பிக் குடிக்கும். 

கறவை இயந்திரம் வாங்கினால் இந்தத் தடவல் வேலை மிச்சமாகுமா?

ஆகாது. பால் இறங்காத காம்பில் பொருத்திய இயந்திரக் கிண்ணம் மேலே ஏறி, காம்பின் அடியை நெரித்துத் தொட்டியின் வாயை அடைத்துவிடும். முன்னொழுங்கு கையால் கறப்பதற்குச் சொன்ன அதேதான். எருமைக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும்.

சுரப்பு விடாததா, ஊறாததா, நோயா என்று எப்படிப் பிரித்தறிவது?

கறவைக்கு முன்னும் பின்னும் மடியைக் கையால் அமர்த்திப் பாருங்கள். முன்பு நிரம்பி இறுகியிருந்து, கறந்த பின்னும் அப்படியே நான்கு பங்கும் கனமாக இருந்தால் சுரப்பு விடவில்லை. முன்பே தொய்ந்திருந்தால் ஊறவில்லை. அப்போது தீனி, தண்ணீர், சினைக்காலம், குடற்புழு ஆகியவற்றைப் பாருங்கள். கறந்த பின் மடி சுருங்கித் தோல் மடிப்பு விழுந்தும் பால் குறைவென்றால் அதுவும் ஊறாததே.

ஒரு பங்கு மட்டும் பால் தராமல், மற்ற மூன்றும் தாராளமாகத் தந்தால் அது பாலை ஒளிப்பதல்ல. ஓமோன் இரத்தத்தில் வருவதால் நான்குக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும், ஒன்றை மட்டும் விட்டுப்போகாது. அந்தப் பங்கில் மடியழற்சியோ, காம்புக்குள் அடைப்போ, பழைய தழும்போ இருக்கிறது. தொட்டால் சூடாகவோ கல்லாகவோ இருந்தாலும், கறுப்புத் துணியில் திரி விழுந்தாலும், மாடு தின்னாமல் காய்ச்சலோடு நின்றாலும் அன்றைக்கே உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அதுவரை அந்தப் பங்கை இரண்டு மூன்று மணிக்கொரு தடவை கறந்து, பாலைப் பட்டிக்கு வெளியே குழி தோண்டி ஊற்றுங்கள். கன்றை அந்தக் காம்பில் விட வேண்டாம். அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்து, கையைக் கழுவிவிட்டு எழும்புங்கள்.